கணினி இல்லாத வீட்டில் வைஃபை ரூட்டரைக் கைப்பேசியிலேயே அமைத்துக்கொள்வது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காட்பாடியில் கீழ்த்தளமும் மாடியுமாக ஒரு வீடு. ஃபைபர் இணைப்பு கீழ்த்தளக் கூடத்துக்கு வந்திருக்கிறது. சுவரில் பொருத்தியிருக்கும் வெள்ளைப் பெட்டியின் வைஃபை மாடி அறைக்கு எட்டவில்லை. அதற்காகப் புதிய ரூட்டர் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். வீட்டில் கணினி கிடையாது. ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டுமே இருக்கிறது. இணைப்புக் கொடுத்த கேபிள்காரரோ, "லேப்டாப் இருந்தால்தான் செட்டிங் போட முடியும்" என்று சொல்லிவிட்டார். கைப்பேசியை மட்டும் வைத்து இந்த வேலையை முடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ரூட்டரின் அமைப்புப் பக்கம் அந்தப் பெட்டியின் நினைவகத்துக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியோடு வைஃபையிலோ கேபிளிலோ இணைந்திருக்கும் எந்தக் கருவியின் உலாவியும் அதைத் திறக்கும்; வெளி இணையம் அதற்குத் தேவையே இல்லை. பிஎஸ்என்எல் அகலக்கற்றை 2005-இல் அறிமுகமாகிப் பரவிய காலத்தில் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்ட மோடம்கள் பலவற்றில் வைஃபை கிடையாது. கேபிளைக் கணினியில் செருகித்தான் அவற்றை அமைக்க வேண்டியிருந்தது. கேபிள்காரர் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கத்தின் மிச்சம் என்றே நினைக்கிறேன். இன்று கடையில் விற்கும் வீட்டு ரூட்டர்கள், மின்சாரம் கொடுத்த ஓரிரு நிமிடங்களில் தாமாகவே வைஃபையைத் தொடங்கிவிடுகின்றன.

கைப்பேசியில் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. இணைப்பு வீட்டுக்கு எந்த முறையில் வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் தொடங்குவது ஒன்று. இணையம் வராத வைஃபையில் கைப்பேசி நிற்க மறுப்பது மற்றொன்று. இவற்றைச் சரிசெய்துவிட்டால் மிச்சமிருப்பது பெயரும் கடவுச்சொல்லும் தட்டச்சு செய்யும் வேலைதான். ஆகவே இவ்விரண்டையும் விரிவாகச் சொல்லி, மற்றவற்றை விரைவாகக் கடக்கிறேன்.

முதலில் சுவரில் இருக்கும் வெள்ளைப் பெட்டி. ஃபைபர் வழியே வரும் ஒளியை மின் சைகையாக மாற்றித் தருவது அதன் வேலை. அதை ஓஎன்டி என்பார்கள், சிலர் ஓஎன்யூ என்பார்கள், பொதுவாக எல்லோரும் மோடம் என்று சொல்லிவிடுகிறார்கள். இப்போது கொடுக்கப்படும் ஓஎன்டிகள் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு ரூட்டரும் வைஃபையும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெட்டியில் வைஃபை வருகிறது, அதில் இணைந்தவுடன் நெட்டும் வருகிறது என்றால், நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள் நுழைகிற வேலையை அந்தப் பெட்டியே செய்துவிடுகிறது என்று பொருள். அப்படியானால் புதிய ரூட்டருக்கு நிறுவனம் தந்த பயனர் பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். ஓஎன்டியிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துப் புதிய ரூட்டரில் செருகினால் போதும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் வீடு இந்த வகையைத்தான் சேர்ந்தது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர்களில் உள்ளூர் கேபிள் இணைப்பு வாங்கியவர்கள் சிலருக்கு வேறு நிலை இருக்கும். வீட்டுக்கு வரும் பெட்டி ஒளியை மட்டும் மாற்றிக் கொடுக்கும். உள்ளே நுழைகிற வேலையை அதன் பின்னால் இருக்கும் ரூட்டர்தான் செய்ய வேண்டும். இதற்குப் பிபிபிஓஇ முறை என்று பெயர். பிஎஸ்என்எல் ஃபைபரும் இந்த முறையில்தான் இயங்குகிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் ஓஎன்டியிலேயே அந்தப் பயனர் பெயரை ஏற்றிவைத்திருப்பார்கள். ஜியோ ஃபைபரில் நிறுவனத்தின் பெட்டியை விலக்கிவிட முடியாது. உங்கள் ரூட்டர் எப்போதும் அதன் பின்னால்தான் நிற்கும். எனவே கேபிள்காரரிடம் "செட்டிங் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பதைவிட, "இணைப்பு பிபிபிஓஇ முறையா, அப்படியானால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்ன, பழைய ரூட்டரின் மேக் முகவரியோடு இணைப்பைப் பூட்டியிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பயனர் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம்; அதைத் தொலைபேசியில் கேட்டு எழுதினால் தவறு வரும்.

மேக் முகவரி என்பது ஒவ்வொரு வலைப்பின்னல் கருவிக்கும் உற்பத்தியின்போதே கொடுக்கப்படும் 12 எழுத்தெண்கள் கொண்ட அடையாளம். சில உள்ளூர் நிறுவனங்கள், ஒரே இணைப்பை இரண்டு வீடுகள் பங்கிட்டுக்கொள்ளாமல் இருப்பதற்காக, முதலில் பொருத்திய ரூட்டரின் மேக் முகவரிக்கு மட்டுமே இணைப்புத் தரும்படி பூட்டிவிடுகின்றன. பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்போது எல்லாம் சரியாக இருந்தும் நெட் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். ஒரு தொலைபேசி அழைப்பில் அதை அவர்கள் விடுவித்துவிடுவார்கள். ரூட்டர் பக்கத்திலேயே "மேக் குளோன்" என்று ஒரு வசதி இருக்கும். அதில் "இப்போது இணைந்திருக்கும் கருவியின் முகவரியை நகலெடு" என்ற பொத்தானைக் கைப்பேசியிலிருந்து அழுத்தாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதலும், ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதலும், கைப்பேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி முகவரியைக் காட்டுகின்றன. அந்தப் போலி முகவரியை நகலெடுத்து ஒரு பயனும் இல்லை. பழைய ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து, அதிலுள்ள முகவரியைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஓஎன்டிக்குள் நுழையும் மெல்லிய ஃபைபர் இழையை நீங்கள் கழற்றவோ மடக்கவோ தேவையே இல்லை. அதன் வழியே வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் லேசர்தான், ஆகையால் இழையின் முனையைக் கண்ணருகில் கொண்டுபோகக் கூடாது. ஓஎன்டியில் "லாஸ்" (LOS) என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது ரூட்டரில் எதை மாற்றினாலும் பயன் இல்லை, கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

இனிப் புதிய ரூட்டர். அதை மாடிக்கு எடுத்துப்போகாமல் முதலில் ஓஎன்டியின் அருகிலேயே வைத்து அமையுங்கள். எல்லாம் சரியான பிறகு இடம் மாற்றலாம். பெட்டியோடு வந்த அடாப்டரைத்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு ரூட்டர்களில் 9 வோல்ட் உள்ளவையும் 12 வோல்ட் உள்ளவையும் உண்டு, செருகும் முனை இரண்டிலும் ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றிச் செருகிவிடுவது எளிது. பெட்டியோடு வந்திருக்கும் குட்டை கேபிளின் ஒரு முனையை ஓஎன்டியின் முதல் லேன் துளையிலும், மறுமுனையைப் புதிய ரூட்டரில் தனி நிறத்தில், பெரும்பாலும் நீலத்தில், இருக்கும் வேன் (WAN, வெளி இணைப்பு வரும்) துளையிலும் செருகுங்கள். ரூட்டர் யாரிடமிருந்தாவது கைமாறி வந்ததாக இருந்தால், பின்புறத்து ரீசெட் துளையில் ஒரு குண்டூசியைச் செலுத்திப் பத்து நொடிகள் அழுத்திப் பிடித்தால் பழைய அமைப்புகள் அழிந்துவிடும்.

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபையின் தொடக்கப் பெயர், தொடக்கக் கடவுச்சொல், அமைப்புப் பக்கத்தின் முகவரி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கைப்பேசியின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள்.

இங்கேதான் கைப்பேசி முரண்டு பிடிக்கும். ஆண்ட்ராய்டு, ஒரு வைஃபையில் இணைந்த மறுநொடியே தன் நிறுவனத்தின் சேவையகம் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, நெட் வருகிறதா என்று சோதிக்கும். வரவில்லை என்றால் வைஃபை இணைப்பை வைத்துக்கொண்டே மொபைல் டேட்டாவின் வழியாகப் போகத் தொடங்கிவிடும். திரையில் வைஃபை குறி தெரியும். ஆனால் உலாவியில் நீங்கள் கொடுக்கும் முகவரி ரூட்டருக்குப் போகாமல் செல்பேசிக் கோபுரத்துக்குப் போய், "பக்கம் கிடைக்கவில்லை" என்று திரும்பும். பலர் இந்த இடத்தில்தான் ரூட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதைத் தவிர்க்க மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். "இந்த வைஃபையில் இணைய வசதி இல்லை, இணைப்பிலேயே இருக்கவா" என்ற கேள்வி வந்தால் "ஆம்" என்று சொல்லுங்கள். விபிஎன் செயலி ஏதேனும் ஓடினால் நிறுத்துங்கள். விளம்பரங்களைத் தடுக்கவென்று அமைப்புகளில் "பிரைவேட் டிஎன்எஸ்" பகுதியில் ஏதாவது முகவரி கொடுத்து வைத்திருந்தால், அதையும் தற்காலிகமாக அணைத்துவையுங்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ரூட்டர் நிறுவனத்தின் செயலி, உள்ளூர் வலைப்பின்னலில் இருக்கும் கருவிகளைத் தேட அனுமதி கேட்கும், அதை மறுத்துவிட்டால் கண் முன்னே இருக்கும் ரூட்டரைக்கூட அந்தச் செயலி காணாது.

அடுத்து, முகவரி. டிபி-லிங்க், டி-லிங்க், டெண்டா ரூட்டர்கள் பலவற்றில் அது 192.168.0.1; வேறு பலவற்றில் 192.168.1.1. ஊகிக்க வேண்டியதும் இல்லை. கைப்பேசியில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்தால் "கேட்வே" அல்லது "ரூட்டர்" என்ற வரியில் சரியான எண் இருக்கும். அந்த எண்ணை உலாவியின் மேல்பட்டையில் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள்; முகப்புத் திரையிலிருக்கும் தேடல் பெட்டியில் போடாதீர்கள். இந்த எண்களைத் தேடுபொறியில் தேடினால் ரூட்டர் நிறுவனம் போல வேடமிட்ட பக்கங்களும், "உதவி எண்" என்று போட்டுப் பணம் பறிக்கும் பக்கங்களும் வந்து நிற்கும். "இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல" என்று உலாவி எச்சரித்தால், முகவரி மேற்சொன்ன எண்தானா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுத் தொடரலாம். வெளியுலகச் சான்றிதழ் எதுவும் இல்லாத வீட்டுப் பெட்டிக்கு அந்த எச்சரிக்கை வருவது இயல்பு.

நிறுவனத்தின் செயலியை நிறுவிக்கொள்வதா, உலாவியிலேயே செய்வதா என்று சிலர் தயங்குவார்கள். டிபி-லிங்கின் டெதர் போன்ற செயலிகள் படிப்படியாகக் கேள்வி கேட்டு வேலையை முடித்துவிடும். முதன்முறை செய்பவருக்கு அது எளிது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மொபைல் டேட்டாவை அணைப்பதற்கு முன்பே செயலியை இறக்கிவைத்துவிட வேண்டும். இருப்பிட அனுமதி கேட்கிறதே என்று அஞ்ச வேண்டாம். சுற்றிலும் உள்ள வைஃபை பெயர்களைச் செயலிகள் பார்ப்பதற்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள் பலவற்றில் அந்த அனுமதி கட்டாயம். கணக்குத் தொடங்கச் சொன்னால், தவிர்க்கும் வழி இருக்கும்போது தவிர்த்துவிடுங்கள், ஏனென்றால் வெளியூரிலிருந்து ரூட்டரை இயக்க விரும்புபவருக்குத்தான் அது தேவை. உலாவியில் எல்லா அமைப்புகளும் கிடைக்கும், செயலியில் சில மறைந்திருக்கும் என்பதால் நான் உலாவியையே விரும்புகிறேன். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் உலாவியின் பட்டியலில் "கணினித் தளம்" என்பதைத் தேர்ந்தெடுத்துக் கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பிக்கொள்ளலாம். டெக்கோ போன்ற மெஷ் வகைகளை, அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குபவற்றைத், தொடக்கத்தில் அமைப்பதற்கு மட்டும் செயலியே வழி.

பக்கம் திறந்ததும் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். இது ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல். வைஃபையின் கடவுச்சொல் வேறு. இரண்டையும் ஒன்றாக வைத்தால், விருந்தினருக்கு வைஃபை கொடுக்கும்போதெல்லாம் ரூட்டரின் சாவியையும் சேர்த்துக் கொடுத்தது போலாகும். தொழிற்சாலையில் வைத்த "அட்மின்" என்ற கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்துத்தான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் பெரிய இணையதளங்களை முடக்கியது.

இப்போது உங்கள் வீட்டுக்கான வழி. ஓஎன்டியே உள்நுழைகிற வீடு என்பதால், புதிய ரூட்டரை "ஆக்சஸ் பாயின்ட்" நிலைக்கு மாற்றிவிடுவதே சரி என்பது என் கருத்து. "ஆபரேஷன் மோடு" என்ற பெயரில் அந்தத் தெரிவு இருக்கும். இந்த நிலையில் புதிய ரூட்டர் கருவிகளுக்குத் தனியாக ஐபி முகவரி (வலைப்பின்னலில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) வழங்காமல், ஓஎன்டி வழங்குவதை வைஃபையாக மாற்றி மாடியில் தருவதோடு நிறுத்திக்கொள்ளும். வீடு முழுவதும் ஒரே வலைப்பின்னலாக இருப்பதால் மாடியிலிருக்கும் கைப்பேசியிலிருந்து கீழே இருக்கும் பிரிண்டருக்கும் டிவிக்கும் அனுப்ப முடியும். மாறாக, ரூட்டர் நிலையிலேயே விட்டால் ஒரு ரூட்டருக்குப் பின் இன்னொரு ரூட்டர் என்று இரட்டைத் தடுப்பு உருவாகும். நெட் வரும், ஆனால் மாடியும் கீழும் ஒன்றையொன்று முழுமையாகக் காணாது. இரண்டுமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியைப் பிடித்துக்கொண்டிருந்தால் நெட்டே வராமலும் போகலாம். அப்போது புதிய ரூட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்பது போல மாற்ற வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாறிய பின் பழைய முகவரியில் ரூட்டர் பக்கம் திறக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓஎன்டி அதற்குப் புது முகவரி கொடுத்திருக்கும். ஓஎன்டியின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் அது தெரியும்.

சில மலிவான ரூட்டர்களில் ஆக்சஸ் பாயின்ட் தெரிவே இருக்காது. அப்போது அதன் லேன் முகவரியை ஓஎன்டியின் வரிசையிலேயே யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரிக்கு மாற்றி, கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்து, ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருகினால் அதே பலன் கிடைக்கும்.

பிபிபிஓஇ முறையில் இருப்பவர்கள் வேன் பகுதியில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்து, கேபிள்காரர் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட வேண்டும். இதில் கைப்பேசி விசைப்பலகை செய்யும் குறும்பு ஒன்று உண்டு: முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும்; பரிந்துரைத்த சொல்லைத் தொட்டால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைச் சேர்க்கும். அந்த ஒற்றை இடைவெளியால் "உள்நுழைவு மறுக்கப்பட்டது" என்று வந்துகொண்டே இருக்கும். எனவே பரிந்துரைகளைத் தொடாமல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். எம்டியூ (ஒரே தவணையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) என்ற இடத்தில் 1492 என்றிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். வழக்கமான 1500-இல் 8 பைட்டுகளைப் பிபிபிஓஇ தலைப்பு எடுத்துக்கொள்வதால் வருகிற எண் அது. சேமித்த சில நொடிகளில் வேன் ஐபி முகவரி 0.0.0.0 என்பதிலிருந்து வேறொன்றாக மாறினால் வேலை முடிந்தது. அந்த முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது என்று பொருள். அன்றாடப் பயன்பாட்டுக்கு அதனால் குறையில்லை. கடையிலோ வீட்டிலோ உள்ள சிசிடிவி பெட்டியை வெளியிலிருந்து போர்ட் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு மட்டும் அது தடையாக இருக்கும்.

அடுத்தது வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும். பெயரைத் தமிழில் வைக்கலாமா என்றால், பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட்டுகள், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட்டுகள் செலவாகும் என்பதால் சுமார் பத்துக் குறிகளுக்குத்தான் இடமிருக்கும். "வேலூர்" என்ற சொல்லே 18 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். புதிய கைப்பேசிகளில் தமிழ்ப் பெயர் அழகாகத் தெரியும், பழைய டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். கைப்பேசி எண்ணை வைக்காதீர்கள், தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த தெரிவு நல்லது. பழைய கருவி ஏதேனும் இணையாவிட்டால் டபிள்யூபிஏ2 மட்டும் போதும். கடவுச்சொல் இல்லாமல் பொத்தானாலோ ஓர் எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணைப் பாதி பாதியாகச் சோதிக்க முடிவதால் 11,000 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

சேமி என்ற பொத்தானை அழுத்தியதும் பக்கம் உறைந்து நிற்கும். கைப்பேசியின் வைஃபையும் அறுந்துபோகும். பதற வேண்டாம். நீங்கள் நின்றுகொண்டிருந்த பழைய பெயர் இப்போது இல்லை, அவ்வளவுதான். வைஃபை பட்டியலுக்குப் போய்ப் புதிய பெயரில் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து இணையுங்கள். நெட் வந்தபின் மொபைல் டேட்டாவை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10 முதல், இணைந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தில் "பகிர்" என்பதைத் தொட்டால் க்யூஆர் குறி வரும். வீட்டிலுள்ள மற்றவர்கள் அதைப் படம்பிடித்தே இணையலாம்.

மாடிக்கு எடுத்துப்போகும்போது கேபிளை இழுக்கத் தயங்காதீர்கள். கேபிள் இல்லாமல் ரிப்பீட்டராக வைக்கலாம் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை குறையில்லாமல் கொண்டுசெல்லும், எனவே மாடிக்கு 15, 20 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. எட்டு இழைகளும் உள்ள கேட்6 செப்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். நான்கு இழை கேபிளில் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. உங்கள் திட்டம் அதற்கு மேற்பட்டதாக இருந்து, வேகச் சோதனையில் எப்போதும் 95-ஐ ஒட்டியே நின்றால், கேபிளையோ ரூட்டரின் துளை வகையையோதான் ஐயப்பட வேண்டும். அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும் ரூட்டர்கள் சிலவற்றில் கம்பித் துளைகள் 100 மெகாபிட் வகையே.

இடத்தைத் தேர்வதில் நம் ஊர் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயிலில் வேலூரின் நிழல் வெப்பமே 40-ஐத் தாண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், மூடிய ஷோகேஸுக்குள், ஓஎன்டியின் மேலேயே ரூட்டரை அடுக்கி வைத்தால் மே மாதப் பிற்பகல்களில் அது தானாக அணைந்து எழுவதையும் வேகம் குறைவதையும் காணலாம். சுவரில் தலை உயரத்தில், காற்றோட்டமாக, மேற்கு வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். அறையின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக இருந்தால் நல்லது. இரும்பு பீரோவுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பின்னால் வைக்காதீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டவே திணறும். உங்கள் கீழ்த்தளத்து வைஃபை மாடிக்கு எட்டாததற்குக் காரணம் அந்தத் தளம்தான். குடியாத்தம், ஆற்காடு போன்ற ஊர்களில் தெருவிலிருந்து பின்கட்டு வரை நீளும் பழைய வீடுகளில் ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் இதே வேலையைச் செய்கின்றன. காட்பாடியில் கூடுதல் சிக்கல் நெரிசல். மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் தெருக்களிலும், வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிப் பகுதியிலும் கைப்பேசியைத் திறந்தால் வைஃபை பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டில் நிறுவிப் பார்த்தால் எந்தத் தடத்தில் கூட்டம் குறைவு என்று தெரியும்; அதைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40-க்கு ஏற்றினால் வேகம் கூடும் என்று தோன்றும், நெரிசலான தெருவில் நடப்பது நேர்மாறானது. 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ உள்ள தடங்களில் நில்லுங்கள். இடையில் உள்ளவை ரேடார்களோடு பங்கிடப்படுபவை. ரேடார் சைகை தென்பட்டால் ரூட்டர் உடனே தடத்தை விட்டு விலக வேண்டும் என்பது விதி, வீட்டில் அது திடீர்த் துண்டிப்பாகத் தெரியும்.

மின்வெட்டுக்கு ரூட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் வாங்குவதானால் ஓஎன்டிக்கும் சேர்த்து வாங்குங்கள். மாடி ரூட்டர் மட்டும் உயிரோடு இருந்து கீழே ஓஎன்டி அணைந்திருந்தால் நெட் வராது. வோல்ட் அளவை அடாப்டரில் பார்த்துவிட்டுத்தான் செருக வேண்டும். ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தால் புதுப்பியுங்கள், ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்நிறுத்தம் அறிவித்த நாளில் செய்யாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் ரூட்டர் எழாமலே போய்விடலாம்.

கைப்பேசியால் ஆகாத வேலை என்று ஒன்றிரண்டுதான் இருக்கின்றன. மென்பொருள் முழுவதும் சிதைந்து பெட்டி எழாமல் போனால் அதை மீட்கக் கணினி தேவைப்படும். தவறுதலாக ரூட்டரின் வைஃபையையே அணைத்துவிட்டால்கூட வழி உண்டு: பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சி-வகை யூஎஸ்பி துளையில் செருகும் லேன் அடாப்டர் வேலை செய்யும், அதன் வழியாகக் கேபிளை நேரடியாகக் கைப்பேசியில் செருகி அதே முகவரியில் பக்கத்தைத் திறக்கலாம். அதுவும் கைவசம் இல்லையென்றால் குண்டூசியை எடுத்து ரீசெட் துளையை அழுத்திவிட்டு, தாளில் உள்ள தொடக்கப் பெயரிலிருந்து மீண்டும் ஆரம்பிக்கலாம்.